பழைய போர்டு வரைபடத்தை மீட்டெடுப்பது: மைலார் தாளிலிருந்து கெர்பர் வரை

மலைநாட்டுத் தேயிலை ஸ்டோர்களில் (தொழிற்சாலைகளில்) இரும்பு இயந்திரங்கள் தாத்தா காலத்திலிருந்து ஓடுகின்றன. பெயாரிங்கையும் பெல்ட்டையும் மாற்றிக்கொண்டே இன்னும் பல வருடம் ஓட்டலாம். திடீரென நிறுத்திவிடுவது 1980களிலும் 90களிலும் அவற்றோடு பூட்டிய எலக்ட்ரோனிக் போர்டுதான்: டிரையரின் வெப்பக் கட்டுப்பாடு, கொழுந்து வாட்டும் விசிறியின் டைமர், பொதி நிறுக்கும் தராசு. சித்திரையிலும் ஐப்பசியிலும் பிற்பகல் இடிமின்னலுக்கு ஒரு ரிலே போர்டு கருகினால், அதைச் செய்து கொடுத்தவர்களைத் தேடிப் பிடிக்க முடியாது. ஒஃபிஸ் அலுமாரியில் ஒரு பழுப்பேறிய பிளாஸ்டிக் தாளோ, லேபல் அழிந்த புளொப்பியோ கிடைத்தால் அதிர்ஷ்டம்.

அந்த மைலார் (பிளாஸ்டிக்) தாளையோ புளொப்பியையோ வைத்து, தொழிற்சாலைகள் ஏற்கும் கெர்பர் என்ற கோப்பு வடிவம் வரை கொண்டுபோய், புது போர்டு செய்வதற்கான வழி இது. இடையிடையே வரலாறும் வரும், காரணத்தோடுதான். எந்தக் கோப்பில் எது எழுதப்படாமல் விடுபட்டிருக்கிறது என்பதை அந்தக் காலத்து இயந்திரமே தீர்மானித்தது. விடுபட்டது எது என்று தெரிந்தால்தான் அதை வேறு எங்கே தேடுவது என்று தெரியும்.

முதலில் காலத்தைக் கணியுங்கள்

கருகிய போர்டையே கையில் எடுங்கள். ஐசிகளின் (வரிசையாகக் கால்கள் உள்ள கறுப்புச் சில்லுகளின்) முதுகில் நான்கு இலக்க எண் ஒன்று இருக்கும். 8734 என்றால் 1987ஆம் ஆண்டின் 34ஆம் வாரம் செய்தது. போர்டில் உள்ள எண்களில் ஆகப் பிந்தியதை எடுத்துக்கொள்ளுங்கள். போர்டு பூட்டப்பட்டது அதற்குப் பிறகுதான். பின்னாளில் பழுது பார்த்து மாற்றிய ஐசி இருந்தால் அது குழப்பும், ஆகவே சொக்கட்டில் இருப்பதை நம்பாமல் நேரே பற்றவைத்திருப்பதைப் பாருங்கள்.

அடுத்து ட்ராக்கை, அதாவது மின்சாரம் ஓடும் செம்புக் கோடுகளைப் பாருங்கள். வளைவுகள் மெதுவாகத் திரும்பி, ஒரே அகலமான கோடுகள் சிறிது கோணல்மாணலாக ஓடினால் அது கையால் டேப் ஒட்டிய வேலை. எல்லாம் 45 பாகையில் மட்டும் திரும்பி, ஒவ்வொரு கோடும் ஒரே கட்டத்தில் உட்கார்ந்திருந்தால் டொஸ் (விண்டோஸுக்கு முந்தைய கணினி இயங்குதளம்) காலத்து மென்பொருள். ஒரு பக்கத்தில் எல்லாம் குறுக்காகவும் மறுபக்கத்தில் எல்லாம் நெடுக்காகவும் ஓடி, தேவையில்லாத இடத்திலெல்லாம் இரு பக்கத்தையும் இணைக்கும் துளைகள் இருந்தால், மனிதர் கை வைக்காமல் ஓட்டோ ரூட்டர், அதாவது தானாகப் பாதை போடும் மென்பொருள், போட்டது.

அந்தக் கட்டம் எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லியாக வேண்டும், பின்னால் உதவும். பழைய ஐசியின் கால்களுக்கிடையே 100 மில். ஒரு மில் என்பது அங்குலத்தின் ஆயிரத்தில் ஒரு பங்கு, 0.0254 மி.மீ. ஆக 100 மில் 2.54 மி.மீ. இதைப் பாதியாக்கி 50, மறுபடி பாதியாக்கி 25 என்று கட்டம் அமைத்தார்கள். தானாகப் பாதை தேடும் முறையை சி. ஒய். லீ 1961இல் வெளியிட்டார்: புறப்படும் கட்டத்திலிருந்து, குளத்தில் விழுந்த கல்லின் அலைபோல, அக்கம்பக்கக் கட்டங்களுக்கு 1, 2, 3 என்று எண் போட்டுக்கொண்டே போவது, சேருமிடத்தை அலை தொட்டதும் எண்களைப் பின்னோக்கிப் பிடித்து வந்தால் மிகக் குறுகிய பாதை கிடைக்கும். பாதை இருந்தால் கட்டாயம் கண்டுபிடிக்கும், ஆனால் ஒவ்வொரு கட்டத்தையும் நினைவகத்தில் வைக்க வேண்டும். 6க்கு 4 அங்குல போர்டை 25 மில் கட்டமாகப் பிரித்தால் 240 பெருக்கல் 160, அதாவது 38,400 கட்டம். இரண்டு பக்கத்துக்கு 76,800. கட்டத்துக்கு ஒரு பைட் என்றாலும் டொஸ் கொடுத்த 640 கிலோபைட்டுக்குள் அடங்கும். அதே போர்டை 5 மில் கட்டத்தில் வைத்தால் 25 மடங்கு, 19 இலட்சத்தைத் தாண்டிவிடும். அதனால்தான் அந்தக் காலத்து போர்டுகள் 25 மில்லில் நிற்கின்றன. பழையதை மறுபடி வரையும்போது கணினியில் மில்லிமீட்டர் கட்டம் வைத்தால் எந்த பேட்டும் (பாகத்தின் காலைப் பற்றவைக்கும் செம்புப் பொட்டு) பொருந்தாது. 25 மில் வையுங்கள், எல்லாம் ‘டக்’கென்று உட்காரும்.

டேப் ஒட்டிய தாள் கிடைத்தால்

மென்பொருள் வருவதற்கு முன் போர்டு வரைபவர் ஒளிமேசையில் மைலார் தாளை விரித்து, கறுப்பு வட்ட ஸ்டிக்கர்களை பேட்டாகவும் ஒடுங்கிய கிரேப் டேப்பை ட்ராக்காகவும் ஒட்டினார். வேலை இரு மடங்கு அல்லது நான்கு மடங்கு அளவில் நடக்கும். பிறகு கெமராவால் சுருக்குவார்கள். கை பிசகிய தூரமும் அதோடு சுருங்கிவிடும்.

தாளில் எத்தனை மடங்கு என்று எழுதியிருந்தாலும் நம்பாமல் அளந்து பாருங்கள். 16 கால் ஐசியின் ஒரு வரிசையில் முதல் காலிலிருந்து எட்டாவது கால் வரை உண்மை அளவில் 17.78 மி.மீ. தாளில் 35.56 என்றால் இரு மடங்கு, 71.12 என்றால் நான்கு மடங்கு. இதைத் தாளின் நெடுக்கிலும் குறுக்கிலும் தனித்தனியாக அளக்க வேண்டும். இரண்டும் ஒத்துவராவிட்டால் நீங்கள் வைத்திருப்பது மைலார் அல்ல, ஈரத்தில் நீண்ட கடதாசிப் பிரதி.

மலைநாட்டு ஈரத்தில் இந்தத் தாள்களுக்கு இரண்டு நோய் வரும். ஒன்று, டேப்பின் பசை உருகிக் கோட்டோரமாகக் கசிந்து, அதில் தூசு படிந்து கோட்டை அகலமாக்கிக் காட்டும். இன்னொன்று, டேப் சுருங்கி பேட்டிலிருந்து விலகும். இணைந்திருந்த இடத்தில் இடைவெளி தெரியும். ஆகவே தாளில் இடைவெளி கண்டால் ‘இணைப்பு இல்லை’ என்று முடிவு கட்டாதீர்கள். கருகிய போர்டில் அதே இடத்தை மீட்டரால் தொட்டுப் பாருங்கள். உரிந்த டேப்பை அழுத்தி ஒட்ட முயலவும் வேண்டாம். பசை செத்துப்போனது, கையோடு வந்துவிடும். முதலில் ஸ்கேன் செய்யுங்கள், மற்றதெல்லாம் பிறகு.

அங்குலத்துக்கு 600 புள்ளி போதும். இரு பக்க போர்டாக இருந்து, ஒரே தாளில் சிவப்பு டேப்பும் நீல டேப்பும் கறுப்பு பேட்டும் இருந்தால் கட்டாயம் நிறத்தில் ஸ்கேன் செய்யுங்கள். கறுப்பு வெள்ளையில் எடுத்தால் இரண்டு பக்கமும் ஒன்றாகக் கலந்து, அந்தப் படத்திலிருந்து இனிப் பிரிக்கவே முடியாது. இரண்டு தாளில் தனித்தனியாக ஒட்டினால் பேட்டுகள் ஒன்றின்மேல் ஒன்று சரியாக விழாது என்பதற்காகக் கண்டுபிடித்த முறை இது. அச்சகத்தில் சிவப்புக் கண்ணாடி வழியே படமெடுத்தால் சிவப்பு டேப் வெள்ளையோடு கரைந்து நீலமும் கறுப்பும் மட்டும் மிஞ்சும். நீலக் கண்ணாடியில் நீலம் கரையும். இன்று கிம்ப் மென்பொருளில் படத்தைச் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று தனிப் படமாகப் பிரித்தால் அதே வேலை ஆகிவிடும். சிவப்புப் பிரிவில் தெரிவது நீலப் பக்கம், நீலப் பிரிவில் தெரிவது சிவப்புப் பக்கம். வழக்கமாகச் சிவப்புப் பாகங்கள் இருக்கும் பக்கம், நீலம் பற்றவைக்கும் பக்கம். ஒரு ஐசியின் முதல் காலை போர்டோடு ஒப்பிட்டு உறுதிசெய்யுங்கள்.

புளொப்பி கிடைத்தால்

அவசரப்பட்டு டிரைவில் போடாதீர்கள். நுவரெலியா, ராகலைப் பக்கம் அலுமாரியில் கிடந்த புளொப்பி என்றால் பூஞ்சணம் பிடித்திருப்பதற்கே வாய்ப்பு அதிகம். மூன்றரை அங்குலத் தட்டில் உலோகக் கதவை விரலால் ஒதுக்கி, பின்னால் உள்ள வட்டத்தைச் சுற்றிச் சுற்றி வெளிச்சத்தில் பாருங்கள். சாம்பல் நிறப் புள்ளியோ நூல் போன்ற படலமோ தெரிந்தால் அது பூஞ்சணம். அப்படியே ஓட்டினால் டிரைவின் ஹெட்டில் அது ஒட்டி, அந்தத் தட்டைச் சுரண்டுவதோடு அடுத்து போடும் நல்ல தட்டையும் சுரண்டும். ஒரு பெட்டி புளொப்பியை ஒரே மாலையில் அழிக்க இதைவிடச் சுலபமான வழி கிடையாது.

சுத்தம் செய்ய 99 வீத ஐசோபுரோப்பைல் அல்கஹோலும் இழை உதிராத பஞ்சுக் குச்சியும் போதும். கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, தட்டை மெல்லச் சுற்றியபடி இரு பக்கமும் துடையுங்கள். அழுத்த வேண்டாம். பத்து நிமிடம் காயவிட்டுப் படியுங்கள். ஒவ்வொரு தட்டுக்குப் பின்னும் டிரைவின் ஹெட்டையும் துடைக்க வேண்டும். அசிட்டோனும் நெயில் பொலிஷ் அகற்றியும் பிளாஸ்டிக்கையே கரைத்துவிடும், கிட்டவே கொண்டுவராதீர்கள். ஐந்தேகால் அங்குலத் தட்டில் பூஞ்சணம் அதிகமானால் உறையின் மேல் விளிம்பைக் கத்தரித்துத் தட்டை வெளியே எடுத்து, காய்ச்சி வடித்த நீரில் ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவும் திரவம் விட்டு அலசி, நிழலில் காயவைத்து, வேறொரு நல்ல உறைக்குள் போட்டுப் படிக்கலாம்.

படிக்கும் முன் எழுத்துத் தடையைப் போடுங்கள். இதில் எல்லோரும் குழம்புவார்கள், ஏனென்றால் இரண்டு வகைக்கும் விதி நேர்மாறு. மூன்றரை அங்குலத்தில் மூலைத் துளை திறந்திருந்தால் எழுத முடியாது. ஐந்தேகால் அங்குலத்தில் பக்கத்து வெட்டு திறந்திருந்தால் எழுத முடியும். ஒளி புகாத டேப் ஒட்டி மூடினால்தான் தடை.

யூஎஸ்பியில் பூட்டும் மலிவான டிரைவ் மூன்றரை அங்குலத்தை மட்டும் படிக்கும், அதுவும் 720 கிலோபைட், 1.44 மெகாபைட் வகைகளை. ஐந்தேகால் அங்குலத்துக்குப் பழைய டிரைவ் ஒன்றும் கிரீஸ்வீசல் என்ற சிறு இணைப்பு போர்டும் வேண்டும். அது தட்டின் காந்த மாற்றங்களை அப்படியே பதிந்துகொள்வதால், சாதாரண டிரைவ் ‘படிக்க முடியவில்லை’ என்று கைவிடும் தட்டிலிருந்தும் பகுதி பகுதியாக எடுக்கலாம். 1.2 மெகாபைட் டிரைவில் 360 கிலோபைட் தட்டைப் படிப்பதில் பிரச்சினை இல்லை. எழுதினால்தான் தடம் ஒடுங்கி, பழைய டிரைவில் படிக்க முடியாமல் போகும். ஆகவே படியுங்கள், முழுத்தட்டின் பிரதியை ஒரே கோப்பாகச் சேமியுங்கள், தட்டைத் திரும்ப அலுமாரியில் வையுங்கள். இனி எல்லா வேலையும் பிரதியில்தான்.

கோப்பு எந்த மென்பொருளுடையது?

கோப்பின் பெயர் பிசிபி என்று முடிந்தால் அதை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. ஓட்டோட்ராக்ஸ், பேட்ஸ், டேங்கோ என்று பலரும் அதே வாலைத்தான் வைத்தார்கள். நோட்பேடில் திறந்து முதல் வரியைப் பாருங்கள்.

‘பிசிபி ஃபைல் 4’ என்ற ஆங்கில வரியில் தொடங்கினால் ஓட்டோட்ராக்ஸ். 5 என்றால் ஈசிட்ராக்ஸ். 6 என்றும் அதன் பின் 2.80 என்றும் இருந்தால் விண்டோஸ் புரோட்டெல். மூன்றும் ஒரே குடும்பம். 1985இல் தஸ்மேனியாவில் நிக் மார்ட்டின் தொடங்கிய புரோட்டெல் நிறுவனம் டொஸ்ஸுக்கு முதலில் செய்த மென்பொருளை அமெரிக்காவில் ஏக்செல் நிறுவனம் டேங்கோ என்ற பெயரில் விற்றது. 1991இல் விண்டோஸ் பதிப்பு வந்தது. 2001இல் நிறுவனத்தின் பெயர் அல்டியம் ஆனது. ஓட்டோட்ராக்ஸும் ஈசிட்ராக்ஸும் பிற்பாடு இலவசமாக வெளியிடப்பட்டன. அதே 1985இல் அமெரிக்காவின் ஒரிகனில் ஓர்கேட் தொடங்கியது. அதன் முதல் சரக்கு சுற்று வரைபடம் வரையும் கருவி, போர்டு வரைவது அல்ல. ஓர்கேட் கோப்பு மட்டும் கிடைத்தால் பாகங்களின் இணைப்பு தெரியலாம், போர்டின் வடிவம் தெரியாது.

ஆச்சரியக்குறியும் பேட்ஸ் என்ற ஆங்கிலச் சொல்லும் முதல் வரியில் இருந்தால் பேட்ஸ். ‘ஏக்செல் ஆஸ்கி’ என்றிருந்தால் பி-கேட், அதை இன்றைய இலவச போர்டு மென்பொருளான கைகேட் நேரே திறக்கும். நோட்பேடில் குப்பையாகத் தெரிந்து, கோப்பின் வால் பிஆர்டி என்றிருந்தால் பழைய ஈகிளாக இருக்கலாம். ஜேர்மனியின் கேட்சொஃப்ட் 1988இல் வெளியிட்ட ஈகிள், 2012இல் வந்த 6ஆம் பதிப்பில்தான் படிக்கக்கூடிய எக்ஸ்எம்எல் எழுத்துக்கு மாறியது. கைகேட் அந்தப் புதிய வடிவத்தை மட்டும் ஏற்கும். ஆகவே பழைய கோப்பை ஈகிள் 6 அல்லது 7இல் திறந்து சேமித்துவிட்டுக் கொண்டுவாருங்கள். ஈகிளைக் கையில் வைத்திருக்கும் ஓட்டோடெஸ்க் 2026 யூனில் அதை முடித்துக்கொள்வதாக அறிவித்தது; அந்த நிறுவலை வைத்திருப்பவர்கள் அழித்துவிடாதீர்கள்.

ஓட்டோட்ராக்ஸ் கோப்பு கிடைத்தவர் பாக்கியசாலி. அது முழுக்கச் சாதாரண எழுத்து, அளவெல்லாம் மில்லில். எஃப்டி (FT) என்ற வரிக்குக் கீழே வரும் எண்கள் ஒரு ட்ராக்: தொடக்கப் புள்ளியின் இரண்டு எண், முடிவுப் புள்ளியின் இரண்டு எண், அகலம், லேயர். எஃப்பி (FP) என்றால் பேட்: இடம், நீள அகலம், வடிவம், துளையின் விட்டம். லேயர் 1 மேல் பக்கம், 6 கீழ்ப் பக்கம், 7 மேலே அச்சிடும் எழுத்து. புளொப்பியில் நடுவே சில பகுதி அழிந்திருந்தாலும், மிஞ்சிய வரிகள் ஒவ்வொன்றும் தனித்து அர்த்தமுள்ளவை. உடைந்த வரிகளை மட்டும் நீக்கிவிட்டுத் திறக்கலாம். ஈகிளின் பழைய கோப்பில் அப்படிப் பழுதானால் பெரும்பாலும் போனது போனதுதான்.

டொஸ் மென்பொருளை இன்று ஓட்டுவது

இன்றைய கணினிக்குள் டொஸ்ஸைப் போலவே இயங்கும் டொஸ்பொக்ஸ் மென்பொருள் போதும், பழைய கணினி தேவையில்லை. மென்பொருளை ஒரு ஃபோல்டரில் போடுங்கள். ஃபோல்டருக்கும் கோப்புக்கும் பெயர் எட்டு எழுத்தைத் தாண்டக்கூடாது, இடைவெளியும் கூடாது. தாண்டினால் டொஸ்ஸில் பெயர் வெட்டப்பட்டுத் தெரியும், இரண்டு கோப்பு ஒரே மாதிரித் தோன்றும். அந்த ஃபோல்டரை சி டிரைவாக மவுண்ட் செய்து டிராக்ஸ்எடிட்டை ஓட்டினால் வரைதல், டிராக்ஸ்புளொட்டை ஓட்டினால் அச்சும் கெர்பரும். ஈசிட்ராக்ஸில் இவை ஈசிஎடிட், ஈசிபுளொட்.

வேகத்தை நிலையாக 10,000 சைக்கிளில் வையுங்கள். கேர்சர் கையை விட்டு ஓடினால் குறையுங்கள், திரை மீள வரையத் தாமதித்தால் கூட்டுங்கள். மவுஸ் உள்ளே மாட்டிக்கொண்டால் கன்ட்ரோலோடு எஃப்10 அழுத்த வெளியே வரும். பேஜ் அப் பெரிதாக்கும், பேஜ் டவுன் சிறிதாக்கும். பி (P) அழுத்திப் பிறகு டி (T) அழுத்தினால் ட்ராக் போடலாம். இந்த விசைகள் இன்றைய அல்டியத்திலும் அப்படியே இருக்கின்றன, பழகிய கை மறக்காது.

மென்பொருளை ஓட்டாமலே கோப்பை மாற்ற வேண்டுமானால் பிசிபி-ஆர்என்டி என்ற திறந்த மென்பொருள் ஓட்டோட்ராக்ஸைப் படித்துக் கைகேட் வடிவில் எழுதித் தரும். எழுத்துகளின் அளவும் நிரப்பிய செம்புப் பரப்புகளும் மாற்றத்தில் கெடக்கூடும். ட்ராக்கும் பேட்டும் சரியாக வந்தால் மற்றதைக் கையால் திருத்திக்கொள்ளலாம்.

கெர்பர் மட்டும் இருந்தால்

இதில்தான் அதிகம் பேர் சிக்குவார்கள். வியன்னாவில் பிறந்து அமெரிக்கா போன ஜோசப் கெர்பரின் நிறுவனம் 1960களில் ஒளியால் ஃபில்மில் வரையும் இயந்திரத்தைக் கொண்டுவந்தது. அதன் தலையில் 24 ஓட்டைகள் கொண்ட ஒரு சக்கரம்; ஒவ்வோர் ஓட்டையும் ஒரு வடிவம், ஓர் அளவு. கோப்பு சொல்வது ‘10ஆம் ஓட்டையை எடு, இங்கே போ, ஒளியைத் திற’ என்பதை மட்டும்தான். 10ஆம் ஓட்டை எவ்வளவு பெரிது என்பது இயந்திரத்தை இயக்குபவரின் தாளில் இருந்தது. 1998இல் நீட்டித்த கெர்பர் வரும்வரை அளவுகள் கோப்புக்குள் வரவில்லை. அதற்கு முந்தைய கெர்பரைத் திறந்தால் ஒன்றுமே தெரியாது, அல்லது எல்லாம் ஒரே மொத்தமாகத் தெரியும்.

ஏபிடி என்று முடியும் கோப்போ, ‘அப்பர்ச்சர்’ என்று தலைப்பிட்ட அச்சுத்தாளோ கூடவே இருக்கிறதா என்று தேடுங்கள். கிடைக்காவிட்டால் இப்படி ஊகிக்கலாம்:

1. கோப்பை நோட்பேடில் திறந்து டி10 (D10) முதல் வரும் எண்களைப் பட்டியலிடுங்கள். இவை ஓட்டைகள்.
2. ஒவ்வொன்றுக்கும் கீழே வரும் வரிகள் எதில் முடிகின்றன என்று பாருங்கள். டி03 என்றால் ஒரே இடத்தில் ஒளி பளிச்சிடுவது, அது பேட். டி01 ஒளி திறந்தபடி நகர்வது, அது ட்ராக். டி02 ஒளி மூடி நகர்வது.
3. கருகிய போர்டில் அதே இடத்தைக் கெலிப்பரால் அளந்து அகலத்தை எழுதுங்கள். சாதாரணமாக ட்ராக் 12 மில், மின்வழங்கி 50 மில், ஐசி பேட் 50 அல்லது 60 மில் என்ற சுற்றில் வரும். அளந்தது 0.33 மி.மீ. என்றால் 12 அல்லது 13 மில். அந்தக் காலத்தவர் முழு எண்ணைத்தான் வைத்திருப்பார்கள்.
4. அந்த அளவுகளை நீட்டித்த கெர்பர் வடிவில் கோப்பின் தலையில் சேர்த்து, கெர்பரைப் படமாகக் காட்டும் கெர்ப்வி மென்பொருளில் திறந்து பாருங்கள்.

படம் உடைந்த கண்ணாடிபோல் சிதறித் தெரிந்தால் அளவுகளில் தவறில்லை, சுழியங்களில்தான். கோப்பைச் சுருக்க முன் சுழியத்தையோ பின் சுழியத்தையோ விட்டுவிடுவார்கள். எதை விட்டது என்பதும் தலைப்பில் எழுதப்பட்டிருக்காது. ஒன்றை மாற்றி மற்றதைப் போடுங்கள். வடிவம் சரியாகி, ஐசிக் கால்களின் இடைவெளி 100 மில்லுக்குப் பதில் 10 மில்லாகவோ 1,000 மில்லாகவோ வந்தால் தசமப் புள்ளி இடம் மாறியிருக்கிறது. அந்த 100 மில் கிடைக்கும்வரை மாற்றிக்கொண்டே இருங்கள்.

துளைக் கோப்பிலும் இதே கதை: டி1, டி2 (T1, T2) என்று துளைப்பான்களின் எண் இருக்கும், விட்டம் இருக்காது. ஐசிக்கும் சிறு ரெசிஸ்டருக்கும் 0.8 மி.மீ., பெரிய டயோடுக்கும் ரிலேக்கும் 1.2, திருகு முனைக்கு 1.3 என்று தொடங்கி, பாகத்தின் காலை அளந்து அதோடு 0.2 மி.மீ. கூட்டி முடிவெடுங்கள்.

கைகேட்டில் திருத்துவது

1992இல் பிரான்சின் கிரெனோபிளில் ழான்-பியர் ஷராஸ் தொடங்கிய கைகேட்டுக்கு வந்துவிட்டால், படத்தை மட்டும் நகலெடுத்து நிறுத்தாதீர்கள். சுற்று வரைபடத்தையும் வரைந்து, அதிலிருந்து இணைப்புப் பட்டியல் எடுத்து, இணைப்பும் இடைவெளியும் சரியா என்று மென்பொருளே பார்க்கும் விதிச் சோதனையை ஓட்டுங்கள். டேப்பில் ஒட்டிய போர்டுகளில் இருவர் கண் பார்த்துச் சரிபார்த்ததே ஒரே சோதனை. இருபது வருடம் வேலை செய்த போர்டிலும் தேவையில்லாமல் தொங்கும் ட்ராக்குகள் வரும். நீக்கும் முன் மீட்டரால் பாருங்கள், சிலவேளை அது போர்டுக்குக் கீழே பின்னால் பற்றவைத்த வயரின் ஒரு முனை.

நகலெடுக்கக் கூடாத ஒன்று உண்டு: மின் இடைவெளி. ரிலேயின் 230 வோல்ட் பக்கத்துக்கும் 12 வோல்ட் பக்கத்துக்கும் பழைய போர்டில் 2 மி.மீ. மட்டும் இருந்தால் 6 மி.மீ. ஆக்குங்கள், இடம் போதாவிட்டால் நடுவே போர்டை வெட்டி இடைவெளி விடுங்கள். தேயிலைத் தூசியும் பஞ்சும் போர்டில் படிந்து ஈரத்தை உறிஞ்சினால் அதன் மேலாக மின்சாரம் ஊர்ந்து கருக்கும். மின்னலில் போனதாகச் சொல்லப்படும் போர்டுகளில் சிலவற்றில் உண்மைக் காரணம் இதுதான். கருகிய தடம் பாகத்திலிருந்து தொடங்காமல் இரண்டு பேட்டுக்கு நடுவே தொடங்கியிருக்கும். ட்ராக் அகலம் 35 மைக்ரோன் செம்பில் 5 அம்பியருக்கு 2 மி.மீ., 10 அம்பியருக்கு 5 மி.மீ. வையுங்கள். உள்வரும் மின்னுக்கு ஃபியூஸ், அதற்கு அடுத்ததாக, மிகை மின்னழுத்தத்தை உறிஞ்சும் 275 வோல்ட் வரிஸ்டர்.

போர்டைச் செய்வது

வெளிநாட்டுக்கு அனுப்பினால் பெரும்பாலும் குறைந்தது ஐந்து போர்டு தருவார்கள். கெர்பரை அனுப்பும்போது கோப்புகளின் வால் ஜிடிஎல், ஜிபிஎல், ஜிடிஓ (GTL, GBL, GTO) என்றிருந்தால் தொழிற்சாலைக்குச் சொல்லாமலே புரியும்: மேல் செம்பு, கீழ்ச் செம்பு, மேல் எழுத்து. இந்த வால்கள் புரோட்டெல்லின் மிச்சம்.

ஸ்டோர் நின்றுபோய் நாளைக்கே வேண்டுமென்றால், ஒரு பக்க போர்டை வீட்டிலேயே அரிக்கலாம். லேசர் பிரின்டரில் பளபளப்புக் கடதாசியில் நூறு வீத அளவில் அச்சிடுங்கள். இந்த அச்சைச் செம்பின்மேல் கவிழ்த்துச் சூடேற்றி அதன் டோனரை (மைப்பொடியை) ஒட்டவைத்தால், டோனர் மூடாத செம்பு மட்டும் கரைசலில் அரிக்கப்படும். ஐசி சொக்கட்டை அதன்மேல் வைத்துப் பாருங்கள். 40 கால் சொக்கட்டில் கடைசிக் கால் விலகினால் பிரின்டர் அளவைச் சுருக்கியிருக்கிறது. அச்சில் எழுத்துகள் தலைகீழாக, கண்ணாடியில் பார்ப்பதுபோல் தெரிய வேண்டும். நேராகத் தெரிந்தால் போர்டில் திரும்பிவிடும், ஐசியைக் கவிழ்த்துப் பற்றவைக்கும் நிலை வரும்.

அரிக்க ஒரு லீற்றர் நீருக்கு 400 முதல் 500 கிராம் ஃபெரிக் குளோரைட் கட்டி. பிளாஸ்டிக் தட்டு மட்டும். அலுமினியச் சட்டியைத் தின்றுவிடும். கொழும்பில் அறை வெப்பத்திலேயே வேலையாகும். நுவரெலியாக் குளிரில் அதே கரைசல் ஒரு மணி நேரம் எடுத்து, அதற்குள் டோனரின் ஓரத்துக்கு அடியால் புகுந்து ஒடுங்கிய ட்ராக்கை அறுத்துவிடும். தட்டைச் சுடுநீர் உள்ள பெரிய பேசினுக்குள் வைத்து 40 முதல் 50 பாகைக்கு ஏற்றி, தொடர்ந்து அசைத்துக்கொண்டிருந்தால் 10 முதல் 20 நிமிடத்தில் முடியும். கண்ணாடியும் கையுறையும் போடுங்கள், கறை துணியை விட்டுப் போகாது.

பாவித்த கரைசலை ஓடையில் ஊற்றக் கூடாது. அதிலுள்ள செம்பு மீனைக் கொல்லும், அதே ஓடைக்குக் கீழே லயத்துக்குத் தண்ணீர்க் குழாய் போகும். சலவைச் சோடாவைக் கொஞ்சம் கொஞ்சமாகப் போட்டு நுரைப்பது நிற்கும்வரை கலக்கி, அடியில் தங்கும் சேற்றைக் காயவைத்து மூடிய போத்தலில் வைத்து, இரசாயனக் கழிவு எடுப்பவர்களிடம் கொடுங்கள்.

பற்றவைத்து முடிந்ததும் ஃப்ளக்ஸை அல்கஹோலால் கழுவி, 60 பாகையில் ஒரு மணி நேரம் உலர்த்தி, அதன்பின் அக்ரிலிக் பூச்சு அடியுங்கள். உலர்த்தாமல் அடித்தால் ஈரத்தை உள்ளே வைத்து மூடியதாகிவிடும். இணைப்பான்களுக்கும் ரிலே சொக்கட்டுக்கும் டேப் ஒட்டி மறைத்துவிட்டு அடிக்க வேண்டும், இல்லாவிட்டால் தொடுகையே கிடைக்காது.

முதல் முறை மின்சாரம் கொடுக்கும்போது 60 வொட் இழை மின்குமிழ் ஒன்றை லைவ் வயரில் தொடராகப் போடுங்கள். ஒரு கணம் மின்னி மங்கினால் சரி. முழு வெளிச்சத்தில் எரிந்துகொண்டிருந்தால் உடனே நிறுத்தி, வரிஸ்டரையும் மின்மாற்றிக்கு அடுத்த டயோடுகளின் திசையையும் முதலில் பாருங்கள்.